பதினேழு படிகளுக்கு ஆதாரம்

காலை பத்து நாற்பதுக்கு மேற்கோள் சரிபார்ப்புப் பிரிவின் கதவு திறந்தது. பத்து மணிக்குத் திறக்கும் என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் அவர்கள் ஆதாரம் தரவில்லை.

வெளியே பெஞ்சில் ஒன்பது பேர் மடியில் ஆய்வேடுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஊசி போடக் கொண்டுவந்த பிள்ளையைப் பிடித்திருப்பதுபோல ஆளுக்கொரு கை ஏட்டைச் சுற்றியிருந்தது. ஆறாவதாக உட்கார்ந்திருந்தவளை வீட்டில் சின்னவள் என்று கூப்பிடுவார்கள். வயது முப்பத்து நான்கு. ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியை. ஆறு வருடம் எழுதிய ஏட்டோடு நான்காவது முறையாக இந்தப் பெஞ்சுக்கு வந்திருந்தாள். மாதக் கடைசிக்குள் சமர்ப்பிக்காவிட்டால் பதிவு காலாவதியாகும். பதிவு போனால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாதவர்களை அடுத்த பருவத்திலிருந்து வகுப்புக்குள் விடப்போவதில்லை என்று கல்லூரி சொல்லியாகிவிட்டது. மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அவள் அம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவள். ஏடு அந்தக் கூடத்தைப் பற்றியது. அங்கே வேலை பார்த்த பதினோரு பெண்களைத் தேடிப் பிடித்து, உட்காரவைத்துப் பேசி, ஒலிப்பதிவு செய்து, வார்த்தை மாறாமல் எழுதியிருந்தாள். பதினொருவரில் ஒருத்தி அம்மா. கூடம் இருந்த கட்டடத்தை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கி எட்டு வருடமாகிறது. அந்தப் பெண்கள் சொன்னதைத் தவிர அந்த இடத்தில் இனி எதுவும் மிச்சமில்லை.

பக்கத்தில் இருந்தவரை எல்லோரும் சீனியர் என்றார்கள். அவருக்கு இது பதினோராவது வருடம். அவர் பதிவு செய்தபோது மேற்கோள் கையேடு நான்காம் பதிப்பில் இருந்தது. எழுதி முடிக்கும்போது ஐந்தாம் பதிப்பு வந்து, ஆண்டைச் சுற்றியிருந்த அடைப்புக்குறிகளை எடுக்கச் சொன்னது. எடுத்து முடிக்கும்போது ஆறாவது வந்து திரும்பப் போடச் சொன்னது. இப்போது ஏழு. நடுவில் அவருடைய வழிகாட்டி இறந்துபோனதால் அவருக்குக் காலக்கெடுவை நீட்டித்திருந்தார்கள். அந்த வகையில் அவர் அதிர்ஷ்டசாலி என்பது பெஞ்சின் பொதுக் கருத்து.

"எடுத்த அடைப்புக்குறியெல்லாம் வீட்ல ஒரு டப்பால போட்டு வச்சிருக்கேம்மா. பத்தலன்னா கேளு, தரேன்" என்றார் சீனியர்.

உள்ளே இருந்த அலுவலருக்கு மாணவர்கள் வைத்த பெயர் காற்புள்ளி. அது அவருக்கும் தெரியும். அதில் அவருக்கு வருத்தமில்லை. மேசையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல், ஒரு பூதக்கண்ணாடி, மூன்று சிவப்புப் பேனா. ஏட்டை வாங்கியதும் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து திறப்பார். துணைநூல் பட்டியல் அங்கேதான் இருக்கும். முன்பக்கத்தில் என்ன இருக்கும் என்பது இருபத்திரண்டு வருடப் பணியில் அவருக்குத் தேவைப்படாத விஷயம். ஒருமுறை யாரோ இருநூறு வெற்றுத் தாள்களுக்குப் பின்னால் குற்றமே இல்லாத ஒரு பட்டியலை வைத்துக் கொடுத்ததாகவும், அது அந்த வருடத்தின் சிறந்த ஏடாகத் தேர்வானதாகவும் பெஞ்சில் சொல்வார்கள். பெஞ்சில் சொல்வதற்கும் ஆதாரம் கிடையாது.

முதல்முறை அவர் சின்னவளைத் திருப்பி அனுப்பியது இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களில் ஆண்டுக்குப் பின்னால் காற்புள்ளிக்குப் பதில் முற்றுப்புள்ளி இருந்ததற்காக. இரண்டாம்முறை, பட்டியலின் இரண்டாவது வரி இரண்டு மில்லிமீட்டர் குறைவாக உள்தள்ளியிருந்ததற்காக. அதை ஸ்கேல் வைத்து அவளுக்கே காட்டினார். மூன்றாம்முறை கணினி குறுக்கே வந்தது. ஆதாரமில்லாத வாக்கியங்களுக்கு அது மஞ்சள் பூசிக் கொடுக்கும். அறுபத்தோராம் பக்கத்தில் 'ஈரத்துணி உலர்ந்த துணியைவிடக் கனமானது' என்று அவள் எழுதியிருந்தாள். அது மஞ்சளாக வந்தது.

இதை யார் சொன்னது என்று காற்புள்ளி கேட்டார். தூக்கிப் பார்த்த யாரும் சொல்வார்கள் என்றாள் அவள். தூக்கினவர் பெயர், ஆண்டு, பக்க எண் என்றார் அவர். அவள் நான்கு நாள் நூலகத்தில் கிடந்து, மூன்று பேர் சேர்ந்து ஒரு துண்டை நனைத்து எடைபோட்ட கட்டுரை ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள். காற்புள்ளி முகம் மலர்ந்து அதைப் பட்டியலில் சரிபார்த்தார்.

"பாத்தீங்களா, இப்பதான் அது கனமாச்சு" என்றார்.

சமர்ப்பணப் பக்கத்தில் 'என் அம்மாவுக்கு' என்று இருந்ததும் மஞ்சள்தான். அம்மா என்பதற்கு என்ன ஆதாரம்? பிறப்புச் சான்றிதழின் நகல் பின்னிணைப்பு நான்காகச் சேர்ந்தது.

நான்காம்முறையான இன்று அவர் பட்டியலின் கடைசிப் பகுதிக்கு வந்திருந்தார். அங்கே பதினோரு பெண்களின் பெயர்கள் இருந்தன. பெயருக்கு எதிரே பேசிய தேதி, பேசிய இடம், ஒலிப்பதிவு எண். காற்புள்ளி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"இவங்கெல்லாம் எப்ப வெளிவந்தாங்க?"

"வெளிவரல சார். பேசினாங்க. பேசின தேதி போட்டிருக்கேன்."

"பேசறது காத்துல போறதும்மா. அச்சுல வந்தாதான் சொன்னதா கணக்கு. பதிப்பகம் யாரு இவங்களுக்கு?"

கையேட்டைத் திறந்து காட்டினார். ஏழாம் பதிப்பில் நாற்பத்து மூன்று வகை மூலங்களுக்கு விதி இருந்தது. கல்வெட்டுக்கு இருந்தது. உடைந்த பானை ஓட்டுக்கு இருந்தது. தபால் தலைக்கு இருந்தது. செத்தவர்களின் கடிதங்களுக்கு மட்டும் மூன்று விதி இருந்தது. உயிரோடு இருக்கும் ஒருத்தி எதிரே உட்கார்ந்து பேசினால் என்ன செய்வது என்று இல்லை. எட்டாம் பதிப்பில் வரலாம் என்றார்.

காற்புள்ளி கெட்டவர் அல்ல. அவள் முகத்தைப் பார்த்து அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சரி, முயன்று பார்ப்போம் என்று அம்மா சொன்ன வாசகத்தை எடுத்துக் கணினியில் தட்டினார். கணினி கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு கட்டுரையைத் திறந்தது.

"இதோ. அச்சுலயே இருக்கே. இதை விட்டுட்டு ஏன் அலையறீங்க?"

திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் நின்றபடியே படித்தாள்.

'ரத்தக் கறைக்கு முதல்ல பச்சத்தண்ணி. சுடுதண்ணி பட்டா கறை துணியோடயே தங்கிடும், யாரு ரத்தம்னு துணிக்கு ஞாபகம் இருந்துடும். ஈரத்துணியோட மொட்டை மாடிக்கு 14 படி. ஏறும்போது எண்ணுவேன். வெறுங்கையோட இறங்கும்போது எண்ண மாட்டேன்.'

அதன் கீழே, களத்தில் ஒரு சலவைப் பெண் கூறியது, ஆசிரியரின் சேகரிப்பு என்று இருந்தது. கட்டுரையின் தலைப்பு 'துணியின் ஞாபகம்'. வெளிவந்து இரண்டு வருடம். எழுதியவர் அவளுடைய வழிகாட்டியான பேராசிரியர்.

பதினாலு என்ற எண்ணில் அவள் கண் நின்றது. அது அவள் செய்த பிழை. அம்மா சொன்னது பதினேழு. விசைப்பலகையின் ஓரத்தில் எண்கள் அடுக்கியிருக்கும் இடத்தில் நாலுக்கு நேர் மேலே ஏழு. முதல் வரைவைத் தட்டும்போது விரல் ஒரு கட்டை கீழே இறங்கிவிட்டது. பிறகு ஒலிப்பதிவைக் கேட்டுத் திருத்தினாள். திருத்துவதற்கு முன்னால் இருந்த பிரதி பேராசிரியரிடம் இருந்தது. பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கியவர் பதினான்கு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். முதல் பக்கத்தில் தேநீர்க் கோப்பையின் வட்டம் ஒன்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் 'மேற்கோள்கள் போதா' என்று இருந்தது.

அம்மா பெயரை எடுத்துவிட்டுப் பேராசிரியர் பெயரைப் போட்டால் சமர்ப்பிக்கத் தேவையான முத்திரையை வாங்கிவிடலாம் என்று காற்புள்ளி சொன்னார். எழுதவேண்டிய வரியைப் புள்ளி, காற்புள்ளியோடு ஒரு துண்டுத்தாளில் தானே எழுதியும் கொடுத்தார். இது என் அம்மா பேசியது என்றாள் சின்னவள்.

"யாரு இல்லேங்கறாங்க? ஆனா உங்கம்மா இதைச் சொன்னாங்கன்னு சார் சொல்லித்தானே உலகத்துக்குத் தெரியுது."

மறுநாள் அவள் பேராசிரியரைப் பார்க்கப் போனாள். அவருடைய அறையில் நான்கு நாற்காலிகள் இருந்தன. மூன்றில் புத்தகங்கள் உட்கார்ந்திருந்தன, ஒன்றில் அவர். அந்த வாரம் 'மேற்கோள் அறம்' என்ற பயிலரங்கை அவர்தான் நடத்துவதாக இருந்தது. வருகிறவர்களுக்குக் கொடுக்கவேண்டிய பைகள் சுவர் ஓரம் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு பையிலும் 'பிறர் சொல் எடுக்கையில் கை கூச வேண்டும்' என்று அச்சடித்து, கீழே அவர் பெயரைப் போட்டிருந்தார்கள்.

கட்டுரையைப் பார்த்ததாக அவள் சொன்னதும் அவர் மகிழ்ந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டார். வெளிநாட்டில் மூன்று பேர் அதை மேற்கோள் காட்டியிருப்பதாகச் சொன்னார். அது அம்மா பேசியது என்றும், தான் பதிவு செய்தது என்றும் அவள் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். அவர் கோபப்படவில்லை. வகுப்பில் சரியாகப் புரிந்துகொள்ளாத மாணவியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இங்க பாரும்மா. நீ கொண்டுவந்தது தகவல். நான் போட்டது சட்டகம். உங்கம்மா துணின்னாங்க. அதை ஞாபகம்னு பார்த்தது நான்."

"ஞாபகம்னும் அம்மாதான் சார் சொன்னாங்க."

"அவங்க சும்மா சொன்னாங்க. நான் கருத்தா சொன்னேன்."

அம்மாவின் பெயரை ஏன் போடவில்லை என்று கேட்டாள். பெயரைப் போட்டால் அந்தப் பெண்மணிக்குத்தான் சங்கடம், எளிய மனிதர்களைப் பாதுகாப்பது ஆய்வாளனின் முதல் கடமை, அதற்காகவே எடுத்தேன் என்றார். சரி, பதிவு செய்த என் பெயர் எங்கே என்று கேட்டாள்.

"உன்னையும் பாதுகாத்தேன்" என்றார் பேராசிரியர்.

ஒலிப்பதிவுகளைப் பற்றி அவள் கேட்கவேண்டியிருக்கவில்லை. அவரே சொன்னார். விதிப்படி, நகல் எடுத்துக்கொள்ளாமல் அவள் துறையில் ஒப்படைத்த பதிவுகள் எல்லாம் பேராசிரியர் தனித்தொகுப்பு என்ற பெயரில் பத்திரமாக இருக்கின்றன. பார்க்கவேண்டுமானால் அவருக்கு விண்ணப்பிக்கலாம். கிளம்பும்போது கட்டுரையின் பிரதி ஒன்றில் 'அன்புடன்' என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார். பக்க எண் பார்த்துப் போட வசதியாக இருக்கும் என்றார்.

அன்று மாலை அம்மா மாடியில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். இடது மணிக்கட்டு முழுவதும் திரும்பாது. கொடியில் கைவைக்கும்போது தோளோடு சேர்த்துத் திரும்புவாள். பேராசிரியர் தன் பேச்சை எடுத்துக்கொண்டதைக் கேட்டு அவள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. படித்தவர்கள் வாயில் தன் பேச்சு வருகிறதா என்று ஆச்சரியப்பட்டாள். அவர் பெயரைப் போட்டால்தான் ஏட்டை வாங்குவார்கள் என்று சின்னவள் சொன்னாள். எண் மாறியிருந்ததைச் சொல்லவில்லை.

"போட்டுட்டுப் போயேண்டி. வாய்தானே, எடுத்தா குறைஞ்சா போயிடும்? நீ ஆறு வருஷமா முதுகு ஒடிய எழுதறது என் பேரைப் போடறதுக்கா, உன் பேரைப் போடறதுக்கா?"

சின்னவள் துணியை மடித்தாள். ஒரு தலையணை உறையை மூன்று முறை மடித்தாள். அம்மா அதைப் பிடுங்கி ஒரே மடிப்பில் மடித்து வைத்தாள்.

மூன்று நாளில் பட்டியலைத் திருத்தினாள். அம்மா பெயரை எடுத்தாள். பேராசிரியர் பெயரைப் போட்டாள். மற்ற பத்துப் பெண்களும் இதுவரை யாராலும் திருடப்படாததால் அவர்களுக்கு மூலம் இல்லை. அவர்கள் பேசியது முழுவதையும் எடுக்கவேண்டியிருந்தது. ஏடு நூற்றுப் பதினெட்டுப் பக்கம் இளைத்தது. ஒன்றை மட்டும் அவள் தொடவில்லை. பதினேழு பதினேழாகவே இருந்தது. அதை ஒட்டி அம்மா பிற்பாடு சொன்னதும் இருந்தது. பதினாலு படிவரை உள்ளே. கடைசி மூன்றும் வெளியே. மழை பட்டு வழுக்கும், கைப்பிடி கிடையாது. ஒருநாள் நனைந்த மூட்டையோடு பதினாறாம் படியிலிருந்து விழுந்தாள். மணிக்கட்டு போனது அன்றுதான். மூட்டையில் இருந்த துணியை மறுபடி வெளுக்கவேண்டி வந்ததற்காக அவளைத் திட்டினார்கள். இந்தப் பகுதி பேராசிரியரிடம் இருந்த வரைவில் இல்லை. அதனால் கட்டுரையிலும் இல்லை.

காற்புள்ளி எல்லாப் பக்கத்திலும் பச்சை முத்திரை குத்தினார். கடைசி முத்திரைக்கு மை தொட்டபோது கணினி சிவப்பாகியது. மேற்கோள் மூலத்தோடு பொருந்தவில்லை: 17, 14.

காற்புள்ளி முத்திரையை மைப்பெட்டியில் திரும்ப வைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் திரையில் சிவப்பைப் பார்த்தது இது இரண்டாம்முறை. கையேட்டின்படி பிறர் எழுத்தைத் திருடினால் ஒரு வருடத் தடை. பிறர் எழுத்தை எடுத்து அதை மாற்றினால் அது மூலச் சிதைவு. பதிவு ரத்து.

விசாரணைக் கடிதம் இரண்டு நாளில் வந்தது. மேற்கோள் தூய்மைக் குழு மாதக் கடைசி நாளன்று மூன்று மணிக்குக் கூடும். தலைவர்: பேராசிரியர். பாதிக்கப்பட்டவரே தலைவராக இருக்கலாமா என்று சின்னவள் தொலைபேசியில் கேட்டாள். பாதிக்கப்பட்டவருக்குத்தானே விஷயம் முழுசாகத் தெரியும் என்றார் காற்புள்ளி. ஆவணங்கள் கொண்டுவரலாம், ஆட்கள் கூடாது என்று கடிதத்தில் இருந்தது. அம்மாவைக் கூட்டிவர வேறு வழியே இல்லையா என்று கேட்டாள். காற்புள்ளியின் பக்கத்தில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"பின்னிணைப்பு நாலுல அம்மாவோட பேரு இருக்கில்ல? அதுக்கு விளக்கமா கூட்டிட்டு வாங்க. காட்டலாம். பேசத்தான் கூடாது."

கடைசி நாள் அம்மா துணிப்பையோடு வந்தாள். பெஞ்சில் சீனியருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். என்ன வேலையாக வந்திருக்கிறீர்கள் என்று சீனியர் கேட்டார். ஏதோ கையெழுத்து வேண்டுமாம் தம்பி என்றாள் அம்மா. இத்தனை வருடமாக இங்கேயே இருக்கிறீர்களே, வேலை நிரந்தரமா என்று அவரைக் கேட்டாள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் பேராசிரியர். இடப்பக்கம் செயலராகக் காற்புள்ளி. வலப்பக்கம் வெளி உறுப்பினராக மெய்யியல்காரர் ஒருவர். அவர் முன்னால் பிஸ்கட் தட்டு. மேசைமேல் வெள்ளை விரிப்பு.

சின்னவள் ஒலிப்பதிவைப் பற்றிச் சொன்னாள். அது பேராசிரியரின் தொகுப்பில் உள்ள பொருள், பேராசிரியருக்கு எதிராக அதைப் பயன்படுத்துவது முறையல்ல என்று காற்புள்ளி குறித்துக்கொண்டார். தன் முதல் வரைவின் பிழையே கட்டுரையிலும் இருக்கிறது, அதுவே அது எங்கிருந்து போனது என்பதற்குச் சாட்சி என்றாள். இரண்டிலும் ஒரே எண் இருந்தால் பின்னால் வெளிவருவது முன்னால் வந்ததைப் பார்த்து எழுதியது என்று கையேடு சொல்கிறது என்றார்கள். அவளுடைய வரைவு இன்னும் வெளிவரவே இல்லை. பேசியவள் என் அம்மா என்றாள். அதற்குத்தான் பிறப்புச் சான்றிதழே இருக்கிறதே, ரத்த உறவின் வார்த்தையைத் தரவாக எடுத்தது நடுநிலைக்கு இழுக்கு என்று அதையும் குற்றப்பட்டியலில் சேர்த்தார்கள். சான்றிதழைக் கேட்டு வாங்கிய காற்புள்ளி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

பிறகு பேராசிரியர் பதினாறாம் படிக்கு வந்தார். குரலில் வருத்தம் இருந்தது.

"பதினாலு படி இருக்கற மாடிப்படியில பதினாறாம் படியிலேர்ந்து விழ முடியாதும்மா. எண்ணை மாத்தினது போதாதுன்னு, ஒரு விபத்தையே இட்டுக்கட்டியிருக்கே. உன்னை நான் இப்படியா வளர்த்தேன்?"

"கட்டடம் இருந்திருந்தா எண்ணிக் காட்டியிருப்பேன் சார்."

"கட்டடம் மூலமாகாது. அது இடிஞ்சுடும். அதனாலதான் நாம எழுதறோம்."

மெய்யியல்காரர் பிஸ்கட்டை விழுங்கிவிட்டு நியாயமாகப் பேசினார். எண்ணிக்கை என்பதே மனிதன் உண்டாக்கிக்கொண்ட ஏற்பாடு என்றார். அந்த வகையில் பதினேழும் உண்மை, பதினாலும் உண்மை என்றார். சின்னவளுக்கு ஒரு கணம் மூச்சு வந்தது.

"ஆனா பதினாலுக்குப் பக்க எண் இருக்கு" என்று முடித்தார் அவர்.

சின்னவள் அதற்குப் பிறகு சத்தமாகப் பேசினாள். பேராசிரியரைப் பார்த்து, நீங்கள் திருடினீர்கள், திருடியதைக்கூட ஒழுங்காகத் திருடவில்லை, என் பிழையோடு சேர்த்துத் திருடினீர்கள் என்றாள். காற்புள்ளி பேனாவை நிறுத்தி, இந்தக் கூற்றுக்கு ஆதார நூல் உண்டா என்று மெதுவாகக் கேட்டார்.

நான்கரை மணிக்குப் பேராசிரியர் பெருந்தன்மை காட்டினார். ஒரு மாணவியின் ஆறு வருடத்தை வீணாக்க அவருக்கு மனமில்லை. அந்தப் பெண்மணியே பதினாலு என்றுதான் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பதினேழைத் தட்டச்சுப் பிழையாகக் கருதலாம். பதினாறாம் படியை நீக்கிவிடலாம். ஏட்டை இன்றைக்கே ஏற்கலாம். ஐந்து மணிக்குக் கதவு மூடும். இந்தக் கதவு மூடுவதில் மட்டும் நேரம் தவறியதில்லை.

அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் உள்ளே வந்து பையைக் காலடியில் வைத்தாள். நாற்காலி இருந்தது, உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவள் பார்வை மேசை விரிப்பில் நின்றது. அதில் பழுப்பாக ஒரு வட்டம் இருந்தது. கட்டைவிரலால் அதைத் தேய்த்துப் பார்த்தாள்.

"சுடுதண்ணி ஊத்திட்டாங்க. இது இனிமே போகாதுங்க" என்றாள்.

பேசக் கூடாது என்று காற்புள்ளி நினைவூட்டினார். பேராசிரியர் கையமர்த்தினார். அம்மாவை அவர் மிகுந்த மரியாதையோடு வரவேற்றார். உங்களைப் போன்றவர்களின் குரலை உலகத்துக்குக் கொண்டுபோவதுதான் எங்கள் வாழ்க்கை என்றார். தங்கள் குரல் ஏற்கெனவே போய்விட்டது, மூன்று நாடுகளில் இருக்கிறது என்றார். அதைச் சரிதான் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும் என்றார்.

அம்மாவுக்கு அதில் மறுப்பு இருக்கவில்லை. வரும்போதே கையெழுத்துப் போடும் மனதோடுதான் வந்திருந்தாள். காற்புள்ளி தாளை நகர்த்தினார். அவள் பேனாவை வாங்கி, மணிக்கட்டைத் தோளோடு திருப்பித் தாளை நேராக்கிக்கொண்டாள்.

"என்ன எழுதியிருக்குன்னு ஒரு வாட்டி படிங்க தம்பி. கண்ணாடி எடுத்துட்டு வரல."

காற்புள்ளி படித்தார். சலவைக் கூடத்திலிருந்து மொட்டை மாடிக்குப் பதினான்கு படிகள் மட்டுமே இருந்தன என்று நான் கூறினேன். இதற்கு மாறாக என் பெயரில் வரும் எந்தக் கூற்றும் பிழையானது.

அம்மா இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். அவர் இன்னொரு முறை படித்தார். அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். சின்னவள் வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் திறந்தாள். அம்மா பேனா பிடித்த கையை லேசாகத் தூக்கி அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னாள்.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்துக்கு எட்டு நிமிடம் இருந்தது. வெளியே பெஞ்சை யாரோ இழுத்தார்கள். மெய்யியல்காரர் பிஸ்கட் தூளை விரிப்பிலிருந்து தட்டிவிட்டார்.

"ஒரு எண்ணுதாம்மா. உங்க பொண்ணோட ஆறு வருஷம் அதுல இருக்கு" என்றார் பேராசிரியர், கனிவாக.

அம்மா பேனா முனையைத் தாளில் கோடு போட்டிருந்த இடத்தில் வைத்தாள். வைத்த இடத்தில் மை ஒரு புள்ளியாக ஊறியது. இடது மணிக்கட்டை மேசைமேல், அந்தப் பழுப்பு வட்டத்துக்குப் பக்கத்தில் எடுத்து வைத்தாள். தலையைத் தூக்கினாள்.

"போடறேங்கய்யா. என் பொண்ணுக்காகப் போடறேன். படிச்சவங்க பதினாலுன்னா பதினாலுதான். ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க, போட்டுட்டுப் போயிடறேன். இருபத்தேழு வருஷமா அந்தக் கடைசி மூணு படி என் மூட்டையைத் தூக்கிட்டுப் போனது யாரு?"